சந்திரனின் நிலவியல் வரைபடம்

சந்திரனின் நிலவியல் வரைபடம் என்பது சந்திரனின் மேற்பரப்பிலுள்ள பாறைகளையும் நில அமைப்புகளையும் வகைப்படுத்தி, அவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்பதை வண்ணங்களாலும் குறியீடுகளாலும் காட்டும் வரைபடம் ஆகும். இது பெரும்பாலும் விண்கலங்கள் எடுத்த படங்களைக் கொண்டே வரையப்படுகிறது. புதன், வெள்ளி, செவ்வாய் ஆகிய பாறைக் கோள்களுக்கும் இதே முறை பின்பற்றப்படுகிறது. சந்திரன் ஒரு துணைக்கோள்தான் என்றாலும், இம்முறை முதலில் உருவானதும் சோதித்துச் சீர்செய்யப்பட்டதும் அங்கேதான். சந்திரயான் வரிசை விண்கலங்களின் மூலம் இந்தியாவும் இப்பணியில் பங்கேற்று வருகிறது.

‘நிலவியல்’ என்பது ‘நிலம்’ என்ற சொல்லின் அடியாகப் பிறந்தது. ‘நிலவு’ என்ற சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை.

படமும் வரைபடமும்

விண்கலம் எடுத்த படத்தில் இருப்பவை வெளிச்சமும் நிழலும் மட்டுமே. ‘இது எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி’, ‘இது விண்கல் மோதியபோது சிதறி விழுந்த பொருள்’ என்று படம் தானாகச் சொல்வதில்லை. வரைபவர்தான் சான்றுகளை வைத்து அந்த முடிவுக்கு வருகிறார். எனவே நிலவியல் வரைபடத்தில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று கண்ணால் கண்டது. மற்றொன்று அதிலிருந்து உய்த்துணர்ந்தது. இவ்விரண்டையும் கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுவதே நல்ல வரைபடத்தின் முதல் இலக்கணம். ஐயமற்ற எல்லை முழுக்கோடாகவும், தோராயமாகத் தெரியும் எல்லை விட்டுவிட்டு வரையும் கோடாகவும் காட்டப்படுவது இதனால்தான்.

கரிசல் நிலத்தில் ஓர் ஒப்பீடு

படத்தைக் கொண்டு நிலத்தின் வரலாற்றை அறியும் முறையை விளங்கிக்கொள்ள, விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காடுகளே போதுமானவை. அங்கு கிணறு வெட்டும்போது முதலில் கரிசல் மண் வரும். அதன் கீழே வெண்மையான சுக்கான், பிறகு சரளை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை என்று படிப்படியாக வரும். வெட்டி எடுத்தவற்றைக் கிணற்றைச் சுற்றியே கொட்டுவார்கள். முதலில் வெட்டிய கரிசல் மண் குவியலின் அடியில் இருக்கும். கடைசியில் வெட்டிய பாறைத் துண்டுகள் மேலே இருக்கும். நிலத்தினுள் இருந்த வரிசை குவியலில் தலைகீழாக மாறிவிடுகிறது.

வானிலிருந்து பார்த்தால் புதுக் கிணற்றைச் சுற்றி, கரிய நிலத்தின் மேல் ஒரு வெளிர்நிற வளையம் தெரியும். அதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. கரிசலுக்குக் கீழே வேறு நிறப் பொருள் இருக்கிறது. வளையம் கரிசலுக்குப் பிந்தியது. வளையம் பளிச்சென்று இருப்பதால் கிணறு வெட்டி அதிக நாளாகவில்லை. பல மழைக்காலம் கண்ட பழைய கிணற்றில் அந்த வெண்மை கரைந்து மங்கிப் போயிருக்கும்.

சந்திரனில் விண்கல் மோதி உண்டாக்கும் கிண்ணக்குழியும் இத்தகைய கிணறுதான். ஆழத்திலிருந்த பாறையை அது வெளியே வீசி விளிம்பைச் சுற்றிப் பரப்புகிறது. விளிம்பில் பாறை அடுக்குகள் தலைகீழாகப் புரண்டு கிடக்கும். புதிய குழிகளைச் சுற்றி வெண்ணிறக் கதிர்கள் நெடுந்தூரம் ஓடும். நுண்விண்கற்களும் சூரியக்காற்றும் தாக்கத் தாக்க, கோடிக்கணக்கான ஆண்டுகளில் அக்கதிர்கள் மங்கும்.

ஒரு வேறுபாடு உண்டு. கரிசலில் வெளிர்நிறத் திட்டு தெரிந்தால் அது சுக்கானா, உவர்மண்ணா, நெற்களமா என்று நேரில் நடந்து போய்ப் பார்த்துவிடலாம். சந்திரனில் அப்படி நேரில் பார்க்கும் வாய்ப்பு மிகச் சில இடங்களில் மட்டுமே கிடைத்திருக்கிறது.

காலவரிசையை அறியும் விதிகள்

1. மேற்படிவு விதி: மேலே கிடப்பது பிந்தியது, அடியில் கிடப்பது முந்தியது. டென்மார்க் நாட்டு அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் வெளியிட்ட இவ்விதி பூமிக்கும் சந்திரனுக்கும் பொருந்தும்.

2. வெட்டும் விதி: ஒன்றை மற்றொன்று வெட்டிச் சென்றால், வெட்டியது பிந்தியது. கண்மாய்க் கரையை உடைத்துக்கொண்டு ஓடை போனால், கரை முந்தியது, உடைப்பு பிந்தியது. அதுபோலவே ஒரு கிண்ணக்குழியைப் பிளவு ஒன்று வெட்டிச் சென்றால் குழியே மூத்தது.

3. தேய்மானம்: கூரிய விளிம்பும் வெண்கதிரும் உடைய குழி இளையது. விளிம்பு மழுங்கித் தரையோடு தரையாகக் கிடப்பது மூத்தது.

4. குழிகளின் எண்ணிக்கை: ஒரு பரப்பு எவ்வளவு காலம் திறந்து கிடந்ததோ, அவ்வளவு மோதல்களை வாங்கியிருக்கும். எனவே ஒரே பரப்பளவில் குழிகள் மிகுதியாக உள்ள நிலம் மூத்தது. ஆனால் பெரிய மோதலில் சிதறிய துண்டுகள் விழுந்து உண்டான இரண்டாம் நிலைக் குழிகளை இக்கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நிலம் உள்ளதைவிட மூத்ததாகத் தோன்றும்.

முதல் மூன்று விதிகளும் வரிசையை மட்டுமே தரும். நான்காவது விதி ஆண்டுக் கணக்கைத் தர வேண்டுமானால், வயது தெரிந்த பாறை ஒன்றாவது தேவை. 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த சுமார் 382 கிலோ பாறைகளும் மண்ணும் அந்த அளவுகோலைத் தந்தன. 2020-இல் சீனாவின் சாங்-இ 5 கொண்டுவந்த, ஏறத்தாழ 200 கோடி ஆண்டு வயதுடைய பசால்ட் பாறை, நடுவிலிருந்த பெரிய இடைவெளியை நிரப்ப உதவியது. செவ்வாயின் நிலப்பரப்புகளுக்குச் சொல்லப்படும் வயதும் பெரும்பாலும் சந்திரனின் அளவுகோலைத் திருத்தி அமைத்துப் பெறப்பட்டதே.

வரலாறும் காலப் பகுப்பும்

அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் ஷூமேக்கரும் ராபர்ட் ஹாக்மனும் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு கோப்பர்னிக்கஸ் குழிப் பகுதியை ஆராய்ந்து, சந்திரனுக்கான காலவரிசையை 1962-இல் வெளியிட்டனர். கோப்பர்னிக்கஸ் குழி சுமார் 93 கி.மீ. அகலம் உடையது. அதன் வெண்கதிர்கள் அருகிலுள்ள எரடோஸ்தனிஸ் குழியின் மேல் படிந்துள்ளன. ஆகவே எரடோஸ்தனிஸ் மூத்தது. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துச் சென்றதில் சந்திரனின் வரலாறு பிறந்தது. பின்னர் திருத்தப்பட்டு இன்று வழங்கும் ஐந்து காலங்கள் பின்வருமாறு (ஆண்டுகள் தோராயமானவை):

- நெக்டாரிஸுக்கு முந்திய காலம்: தோற்றம் முதல் 392 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை
- நெக்டாரிஸ் காலம்: 392 முதல் 385 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை
- இம்பிரியம் காலம்: 385 முதல் 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை
- எரடோஸ்தனிஸ் காலம்: 320 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை
- கோப்பர்னிக்கஸ் காலம்: 110 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி இன்று வரை

2020-இல் அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனம், பழைய வரைபடங்களை ஒருங்கிணைத்து முழுச் சந்திரனுக்கும் 1:50,00,000 அளவில் ஒரே வரைபடத்தை வெளியிட்டது. அதில் 1 செ.மீ. என்பது 50 கி.மீ. ஆகும். 2022-இல் சீன அறிவியலாளர்கள் 1:25,00,000 அளவில் இன்னும் விரிவான வரைபடத்தை வெளியிட்டனர்.

விண்கலப் படங்களின் வகைகள்

சாதாரணப் படம்: சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுத்த படத்தில் நிழல் நீண்டு விழுவதால் மேடு பள்ளங்கள் நன்கு தெரியும். சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழல் இராது. ஆனால் நிற வேறுபாடுகள் எடுப்பாகத் தெரியும். ஒரே இடத்துக்கு இரண்டு வகைப் படங்களும் தேவை. சமதளத்தில் விழும் நிழலின் நீளத்தைச் சூரியனின் ஏற்றக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால் உயரம் கிடைக்கும். சூரியன் 10 பாகையில் இருக்கும்போது ஒரு குன்றின் நிழல் 1,000 மீட்டர் என்றால், குன்றின் உயரம் சுமார் 176 மீட்டர்.

முப்பரிமாணப் படம்: 2008 அக்டோபர் 22-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சந்திரயான்-1 விண்கலத்தின் நிலப்பரப்பு வரைபடக் கேமரா, ஒரே இடத்தை முன்னோக்கியும் நேராகவும் பின்னோக்கியும் மூன்று கோணங்களில் படம்பிடித்தது. மனிதரின் இரு கண்கள் தொலைவை உணர்வதுபோல, இப்படங்களை ஒப்பிட்டு உயரத்தைக் கணக்கிடலாம். அதன் பிரிதிறன் 5 மீட்டர். அதாவது ஒரு படப்புள்ளி தரையில் 5 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். இப்படங்களைக் கொண்டு, புயல் பெருங்கடல் எனப்படும் சமவெளியில் இடியாமல் எஞ்சியிருக்கும் சுமார் 1.7 கி.மீ. நீளமுள்ள எரிமலைக் குழம்புக் குகையை அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் அடையாளம் கண்டனர். சந்திரயான்-2 எடுத்த இதே வகைப் படங்களிலிருந்து, விக்ரம் சாராபாய் பெயரைத் தாங்கிய குழியின் ஆழம் விளிம்பிலிருந்து சுமார் 1.7 கி.மீ. என்றும், சுவர்களின் சரிவு 25 முதல் 35 பாகை என்றும் அளவிடப்பட்டது.

நிறமாலைப் படம்: ஒவ்வொரு கனிமமும் ஒளியின் குறிப்பிட்ட அலைநீளங்களை உட்கவரும். பைராக்சீன் சுமார் 1 மைக்ரானிலும் 2 மைக்ரானிலும், படிக நிலையிலுள்ள பிளாஜியோகிளேஸ் சுமார் 1.25 மைக்ரானிலும் உட்கவர்கின்றன. சந்திரயான்-1-இல் சென்ற நாசாவின் கனிம வரைபடக் கருவி இம்முறையில் தூய அனார்தோசைட் பாறைகளை இனங்கண்டது. 3 மைக்ரானுக்கு அருகே தென்பட்ட உட்கவர்வைக் கொண்டு, சந்திரனின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் அல்லது நீர் இருப்பதை 2009 செப்டம்பரில் அறிவித்ததும் இக்கருவியின் தரவே. சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர், பொள்ளாச்சி அருகேயுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை.

வரைபடம் வரையும் படிகள்

முதலில் படங்கள் அனைத்தும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகைச் சட்டத்தில் பொருத்தப்படுகின்றன. அடுத்து, ஒரே மாதிரியான தோற்றமும் நிறமும் உயரமும் கொண்ட பகுதிகள் அலகுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ‘வழுவழுப்பான சமவெளி’, ‘கரடுமுரடான மேட்டுநிலம்’ என்று அலகுக்குத் தோற்றத்தைக் கொண்டே பெயரிடுவது வழக்கம். ‘எரிமலைச் சமவெளி’ என்று காரணத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டால், பிறகு காரணம் தவறென்று தெரியும்போது வரைபடமே பொய்யாகிவிடும். பிறகு அலகுகளின் எல்லைகளும் பிளவுகளும் வரையப்படுகின்றன, குழிகள் எண்ணப்படுகின்றன. இறுதியில் இளையது மேலேயும் மூத்தது கீழேயுமாகக் குறிவிளக்கம் அமைக்கப்படுகிறது.

பொய்த்துப்போன ஒரு விளக்கம்

தோற்றத்தையும் காரணத்தையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்கு அப்பல்லோ 16 பயணமே சான்று. சந்திரனின் டெக்கார்ட் மேட்டுநிலப் பகுதியில் கெய்லி சமவெளி என்ற வழுவழுப்பான, வெளிர்நிறமான பரப்பு உள்ளது. பள்ளங்களை நிரப்பிச் சமமாகக் கிடந்ததால், அதை எரிமலைப் பொருள் என்றே பெரும்பாலான வரைபட வல்லுநர்கள் கருதினர். மேட்டுநில எரிமலைப் பாறையைக் கொண்டுவரலாம் என்ற எதிர்பார்ப்பு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

1972 ஏப்ரலில் ஜான் யங், சார்லஸ் டியூக் இருவரும் அங்கே இறங்கினர். மூன்று நாள் தேடியும் எதிர்பார்த்த எரிமலைப் பாறை கிடைக்கவில்லை. எங்கும் கிடந்தது பிரெக்சியா; அதாவது மோதல்களால் நொறுங்கி மீண்டும் இறுகிய பாறை. தொலைவில் நிகழ்ந்த பெருமோதல்களின் சிதறல் வந்து படிந்தே அச்சமவெளி உண்டானது என்பது இன்றைய விளக்கம். வரைபடத்தில் எல்லைக்கோடுகள் சரியாகவே இருந்தன. அவற்றுக்குச் சொன்ன காரணம்தான் தவறாகப் போனது. இதன்பின் சந்திரனிலும் பிற கோள்களிலும் வெளிர்நிறச் சமவெளிகளை விளக்குவதில் மிகுந்த எச்சரிக்கை வந்தது.

சந்திரயான்-3: வரைபடத்துக்குக் கிடைத்த தரைச்சான்று

2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கி மோதி உடைந்தது. அதற்குக் காரணம் வரைபடம் அன்று. இறங்கும்போது எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட மிகுந்ததும், அதைத் திருத்தும் வேகம் போதாததுமே காரணங்கள். ஆனால் இறங்குவதற்கென ஒதுக்கிய 500 மீட்டர் சதுரம் மிகச் சிறியது என்பதும் அப்போது உணரப்பட்டது. அடுத்த முறை அப்பரப்பு சுமார் 4 கி.மீ. நீளமும் 2.4 கி.மீ. அகலமுமாக விரிவாக்கப்பட்டது.

அவ்வளவு பரப்பிலும் பாறைத் துண்டு, குழி, சரிவு ஆகியவற்றை ஆராய வேண்டியிருந்தது. 1:50,00,000 அளவு வரைபடத்தில் 4 கி.மீ. என்பது 1 மி.மீ.க்கும் குறைவு. எனவே அது இடத்தின் பொதுத்தன்மையைச் சொல்லுமே தவிர, கால் ஊன்றும் இடத்தைச் சொல்லாது. இங்கே உதவியது சந்திரயான்-2 சுற்றுகலனின் உயர் பிரிதிறன் கேமரா. 100 கி.மீ. உயரத்திலிருந்து அதன் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 25 செ.மீ. ஆகும். தோல்வியுற்ற பயணத்தின் சுற்றுகலன் எடுத்த படங்களே அடுத்த பயணத்துக்கு வழிகாட்டின.

2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 தென்துருவப் பகுதியில், ஏறத்தாழ 69.4 பாகை தெற்கு அட்சரேகையில் பத்திரமாக இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். நான்கு நாள் கழித்து, பிரக்யான் ஊர்தி 3 மீட்டர் முன்னே 4 மீட்டர் அகலக் குழி ஒன்றைக் கண்டது. உடனே வந்த வழியே திரும்புமாறு அதற்குக் கட்டளையிடப்பட்டது.

அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய எக்ஸ்-கதிர் நிறமாலைமானி, பிரக்யான் சென்ற சுமார் 103 மீட்டர் பாதையில் 23 அளவீடுகளை எடுத்தது. மண்ணின் கூறு எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக, இரும்பு சார்ந்த அனார்தோசைட் பாறையை ஒத்திருந்தது. இம்முடிவு 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. சந்திரன் தோன்றிய காலத்தில் அதன் மேற்பகுதி முழுவதும் பாறைக் குழம்புக் கடலாக இருந்தது. கனமான கனிமங்கள் மூழ்க, எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் மிதந்து மேலோடாக உறைந்தது என்பது ஒரு கருதுகோள். அதற்கான கைச்சான்றுகள் அதுவரை நடு அட்சரேகைகளுக்குள்ளிருந்தே கிடைத்திருந்தன. உயர் தென் அட்சரேகையில் தரையைத் தொட்டு எடுத்த முதல் சான்று இதுதான்.

எனினும் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியான மக்னீசியமும் காணப்பட்டது. சுமார் 2,500 கி.மீ. அகலமுள்ள தென்துருவ-எயிட்கன் படுகையின் விளிம்பு அங்கிருந்து 350 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. அப்பெருமோதல் ஆழத்திலிருந்து வீசியெறிந்த பொருள் இங்கே கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். கிணற்றைச் சுற்றிக் கிடக்கும் சுக்கானைப் போன்றதுதான் இது. பிரக்யானின் படங்களையும் சந்திரயான்-2 படங்களையும் சேர்த்து ஆராய்ந்ததில், இறங்குமிடமே சுமார் 160 கி.மீ. அகலமுள்ள ஒரு புதையுண்ட குழிக்குள் இருப்பதாகவும், அக்குழி தென்துருவ-எயிட்கன் படுகையைவிட மூத்தது என்றும் தெரியவந்தது. இறங்குமிடத்துக்குச் ‘சிவசக்தி’ என்ற பெயரைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2024 மார்ச் 19-இல் ஏற்றது.

நாமக்கல் அனார்தோசைட்

சந்திரனின் மேட்டுநிலத்தை ஒத்த பாறை தமிழ்நாட்டிலும் உண்டு. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கால்சியம் மிகுந்த அனார்தோசைட் கிடைக்கிறது. இதை அரைத்து இஸ்ரோ உருவாக்கிய செயற்கைச் சந்திரமண்ணில்தான் தரையிறங்கியும் ஊர்தியும் சோதித்துப் பார்க்கப்பட்டன. இம்மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ காப்புரிமையும் பெற்றுள்ளது. மேட்டுநிலம் அனார்தோசைட்டால் ஆனது என்று பழைய மாதிரிகளும் நிறமாலை வரைபடங்களும் சொன்னதை நம்பியே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த நம்பிக்கை சரியே என்று பிரக்யானின் அளவீடுகள் காட்டின.

படத்தைப் படிக்கும் பயிற்சி

விக்ரம் விழுந்த இடத்தைத் தேடி நாசா 2019 செப்டம்பரில் வெளியிட்ட படத்தை, சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரேயொரு வெண்புள்ளி அவர் கண்ணில் பட்டது. அது விக்ரமின் சிதைவுதான் என்பதை மேலும் படங்கள் எடுத்துச் சரிபார்த்து, 2019 டிசம்பரில் நாசா அறிவித்தது. அவ்விடம் முதன்மை மோதல் இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கில் இருந்தது. ஒரு புள்ளியைக் கண்டது முதல் படி. அது என்னவென்று உறுதிசெய்தது அடுத்த படி. வரைபடப் பணியின் ஒழுங்கும் இதுவே.

சந்திரயான்-2-இன் படங்கள் இஸ்ரோவின் ‘பிரதான்’ இணையதளத்தில் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. மாணவர்கள் ஒரு சிறு பகுதியை எடுத்து, மெல்லிய தாளை மேலே வைத்துக் குழிகளின் விளிம்பை வரையலாம். எது எதன்மேல் கிடக்கிறது என்று எண்ணிட்டு வரிசைப்படுத்தலாம். ஐயமான இடங்களில் விட்டுவிட்டுக் கோடு இட வேண்டும். தொடக்கத்தில் ஒளி வரும் திசையைக் குறித்துக்கொள்வது நல்லது. அதைத் தவறாகக் கொண்டால் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தோன்றும்.

வரம்புகள்

படம் மேற்பரப்பின் தோலை மட்டுமே காட்டுகிறது. சந்திரனில் அத்தோல் நொறுங்கிய தூசாலும் கற்களாலும் மூடப்பட்டுள்ளது. சூரிய ஒளி என்றுமே படாத துருவக் குழிகளின் அடித்தளத்தைச் சாதாரணக் கேமரா காண்பது அரிது; அங்கே ரேடார் போன்ற கருவிகள் வேண்டும். கையில் கிடைத்த மாதிரிகள் சில இடங்களுக்கே உரியவை. ஆகவே ஒவ்வொரு புதிய தரையிறக்கமும் வரைபடத்தின் ஒரு பகுதியை உறுதிசெய்யும், அல்லது அப்பல்லோ 16 செய்ததைப்போலத் திருத்தும்.